கிழங்கையும் மீனையும் விடாமல் எடை குறைக்க முடியுமா? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தக்கலை பக்கத்துக்காரி. உணவியல் படித்துவிட்டு ஊரிலேயே ஆலோசனை சொல்லி வருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஏற்கெனவே ஒரு டயட் சார்ட் இருக்கும். காலையில் ஓட்ஸ், மதியம் கினோவா, ராத்திரி பிராக்கோலி சூப், நடுவில் ஆலிவ் எண்ணெய் என்று யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டிருப்பார்கள். மூன்றாவது வாரம் வீட்டில் சாளைக்குழம்பு மணத்ததும் எல்லாம் முடிந்துவிடும். அதற்காக அவர்கள் தங்களையே திட்டிக்கொள்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தவறு அவர்கள்மேல் இல்லை, அந்தச் சார்ட் நம் அடுக்களையைத் தெரியாதவர் எழுதியது. எடை குறைக்கத் தேவையான பொருள் எல்லாம் வடசேரிச் சந்தையிலும் திங்கள்சந்தையிலும் கிடைக்கிறது. தட்டில் எது எவ்வளவு என்பதுதான் நம்மிடம் தலைகீழாகிவிட்டது. வழக்கமாக என்னிடம் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

எனக்கு உண்மையிலேயே எடை கூடுதலா, இல்லை பார்ப்பவர்கள் சும்மா சொல்கிறார்களா?

இரண்டு அளவு எடுத்தால் போதும். முதலாவது, கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுப்பது. 158 செ.மீ. உயரமும் 68 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணுக்கு 27 வரும். நம் நாட்டவருக்கு 23க்கு மேல் போனால் எடை கூடுதல், 25ஐத் தொட்டால் உடல்பருமன். வெளிநாட்டுக் கணக்கில் இந்த எல்லைகள் 25, 30 என்று இருக்கும். நமக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வருவதால்தான் எல்லையைக் கீழே வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது இடுப்புச் சுற்று. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல், தையல் டேப்பால் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது. கை கால் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்னால் நிற்கும் ஆண்கள் நம்மூரில் நிறைய. அவர்கள் எடை எந்திரத்தை நம்பக்கூடாது, டேப்பைத்தான் நம்ப வேண்டும்.

மாதம் எத்தனை கிலோ குறைக்கலாம்?

இரண்டு கிலோ குறைந்தால் நன்றாகப் போகிறது என்று அர்த்தம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. தினமும் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ அளவுக்குக் குறையும். பத்து நாளில் பத்து கிலோ என்று யாராவது சொன்னால், அதில் பெரும்பகுதி தண்ணீரும் தசையும்தான். இருக்கிற எடையில் 5 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் மாற்றம் தெரியும். மேலே சொன்ன 68 கிலோ பெண்ணுக்கு அது மூன்றரைக் கிலோகூட இல்லை. எட்டிப்பிடிக்க முடியாத தூரமா அது?

சோற்றை விட்டுவிட வேண்டுமா? சம்பா அரிசி சாப்பிட்டால் குறையுமா?

விட வேண்டாம். 100 கிராம் சோற்றில் 130 கலோரி அளவுதான் இருக்கிறது, அது அப்படியொன்றும் பயப்படும் கணக்கில்லை. ஆனால் நம் வீடுகளில் ஒரு தட்டு என்பது 400, 500 கிராம். அதன் ஓரத்தில் ஒரு கரண்டி துவரன் (தேங்காய் போட்ட பொரியல்), ஒரு துண்டு மீன். குழம்பு ருசியாக இருந்தால் மறுசோறு. இதைத்தான் மாற்றச் சொல்கிறேன். தட்டில் பாதி காய்கறி, கால் பாகம் மீனோ முட்டையோ பயறோ, மீதிக் கால் பாகம் மட்டும் சோறு.

பாதித் தட்டுக் காய்கறிக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். வீட்டைச் சுற்றியே இருக்கிறது. முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, பப்பாளிக்காய், தடியங்காய், புடலங்காய், பயத்தங்காய் இதில் எதுவும் துவரனுக்கு ஆகும். ஒரு பப்பாளிக்காய் நான்கு பேருக்குப் போதும், பெரும்பாலும் அதற்குக் காசும் ஆகாது.

சிவப்புச் சம்பா அரிசியில் நார்ச்சத்து கூடுதல், பசி தாங்கும், நல்லது. ஆனால் கலோரி வெள்ளை அரிசிக்கு நெருக்கமாகத்தான் இருக்கும். சம்பா என்பதால் கூட ஒரு கரண்டி போட்டுக்கொண்டால் பலன் இல்லை.

மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) சாப்பிடலாமா?

அருமனை பக்கமிருந்து வந்த ஒரு பாட்டி, “மக்களே, கெழங்க விட்டா பின்ன என்னத்த திங்க?” என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்துக்கு இதுதான் முதல் கேள்வி.

மரச்சீனி நமக்கு வந்த கதையைப் பாருங்கள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது, விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் கஞ்சிக்கு வழியில்லாத வீடுகளைக் காப்பாற்றியது இந்தக் கிழங்குதான். பஞ்சத்தில் உயிரைப் பிடித்து வைத்த உணவு என்றால், குறைந்த செலவில் நிறையக் கலோரி தருவது என்று பொருள். அதுதான் அதன் பெருமை. இன்றைக்கு நம் சிக்கலும் அதுதான். அன்றைக்குக் கிழங்கு தின்றவர் மண்வெட்டி பிடித்தார், பனை ஏறினார், தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்தார். நாம் தின்றுவிட்டு ஸ்கூட்டரில் ஏறுகிறோம்.

100 கிராம் கிழங்கில் 160 கலோரி. சோற்றைவிடக் கூடுதல். புரதமோ ஒன்றரைக் கிராம்கூட முழுசாக இல்லை. அதனால் கிழங்கைக் கறியாகக் கணக்கு வைக்காதீர்கள். கிழங்கு என்பது சோறு. மதியம் சோறும் சாப்பிட்டு, கிழங்கு மயக்கியதையும் தொட்டுக்கொள்வது சோற்றுக்குச் சோறே தொடுகறி ஆவதுபோல. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம்.

கிழங்கு தின்னும் நாளில் நான்கைந்து துண்டு, அதாவது 150 கிராம் அளவு போதும். கூடவே கை நிறைய மீன். மீன்குழம்பில் முக்கியெடுத்த கிழங்கு என்றில்லாமல், மீனுக்குத் துணையாகக் கொஞ்சம் கிழங்கு. சம்மந்தியை (துவையலை) மட்டும் தொட்டுக்கொண்டு ஒரு தட்டுக் கிழங்கைத் தின்பதுதான் எடையைக் கூட்டும். அவித்த வெள்ளத்தை (தண்ணீரை) நம் அம்மாமார் வடித்துக் கொட்டுவார்களே, அந்த வழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். கிழங்கில் இயல்பாகவே இருக்கும் சயனைடு சார்ந்த நச்சுப்பொருள் அந்த வெள்ளத்தோடு பெருமளவு போய்விடும்.

காச்சில், சேம்பு, சிறுகிழங்கு, சேனை இவற்றுக்கும் இதே கணக்குதான். சேனையில் மட்டும் கலோரி கொஞ்சம் குறைவு.

ராத்திரிக்கு என்ன சாப்பிடலாம்? சப்பாத்தி மட்டும்தானா?

எடை குறைக்கும் எல்லோருக்கும் சப்பாத்தி என்று யார் விதித்தார்களோ தெரியவில்லை. எண்ணெய் தடவிச் சுட்ட நான்கு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு மசாலாவும் தின்றால் சோற்றைவிடக் குறைவாக இருக்காது.

நான் மனதார எழுதிக் கொடுப்பது கஞ்சியும் பயறும். நம் ஊரில் காய்ச்சல்காரருக்கு மட்டும் என்று அதை ஒதுக்கி வைத்துவிட்டோம். ஒரு பிடி அரிசியில் ஒரு பெரிய கிண்ணம் கஞ்சி ஆகிவிடுகிறது, ஏனென்றால் பெரும்பகுதி தண்ணீர். வயிறு நிறையும், சூடாக இறங்கும். 50 கிராம் சிறுபயறில் 12 கிராம் புரதம் இருக்கிறது, கூடவே நல்ல நார்ச்சத்தும். அப்புறம் ஒரு கீரைத் துவரன், சுட்ட மிளகாயும் சின்ன உள்ளியும் வைத்து அரைத்த சம்மந்தி ஒரு உருண்டை. இவ்வளவும் சேர்ந்து 400 கலோரிக்குப் பக்கத்தில் நின்றுவிடும்.

ஒரே ஒரு விஷயம். கஞ்சி குழைய வெந்தது, வெறும் கஞ்சியைக் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறும். பயறு தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி என்று இருக்கக்கூடாது. கஞ்சிக்குச் சமமாகப் பயறு இருக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கஞ்சியைப் பாதியாக்கி, பயறைக் கூட்டிக்கொள்ளலாம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ரோட்டோரப் பரோட்டா. சாதாரண அளவில் ஒன்று ஏறக்குறைய 250 கலோரி. மூன்று பரோட்டா, சால்னா, தேங்காய்க்கொத்து போட்டு வறுத்த மாட்டுக்கறி என்று ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டால் ஆயிரம் கலோரியைத் தாண்டிவிடும். ஒருபோதும் தின்னாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். வாரத்தில் நான்கு நாள் என்றிருப்பதை மாதத்தில் இரண்டு நாளாக்குங்கள். அந்த நாளில் ஒரு பரோட்டா, கறி கூடுதல், எண்ணெய்ச் சால்னா வேண்டாம்.

எந்த மீன் நல்லது? மீன் எண்ணெய்ச் சத்து கொழுப்புதானே?

சாளை, நெத்திலி, அயிலை, சூரை. நெய்மீனுக்கு விலை கூடுதல் என்பதால் சத்தும் கூடுதல் என்று நினைக்கிறோம், அப்படி இல்லை. 100 கிராம் சாளையில் 20 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. அதிலுள்ள ஒமேகா 3 கொழுப்பு இதயத்துக்கு நல்லது. நெத்திலியை முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். அதைத் தடுப்பதில் புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பசியை நெடுநேரம் தள்ளிப்போடுவதும் அதுதான். இவ்வளவு நல்ல மீன் குளச்சலிலும் முட்டத்திலும் கரையேறும் ஊரில் இருந்துகொண்டு, புரோட்டீன் பவுடர் எது வாங்கலாம் என்று கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஆனால் பொரித்தால் கணக்கு மாறிவிடும். மீன் பொரிக்கும்போது எண்ணெயை நன்றாகக் குடிக்கும். குழம்பு வையுங்கள், நெத்திலி அவியல் செய்யுங்கள், புளிபோட்டு வற்றவையுங்கள். பொரித்தே ஆக வேண்டும் என்றால் தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வாழையிலை போட்டுச் சுடலாம்.

தடைக்காலத்தில் மீன் விலை ஏறிவிடும். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் போகாது. அந்த நாட்களில் கருவாட்டையே நம்பி இருக்காதீர்கள், உப்பு அதிகம். ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். முட்டை, காணம் (கொள்ளு), கடலை, பயறு இவற்றுக்கு மாறிக்கொள்ளலாம்.

தேங்காய் இல்லாமல் நமக்குச் சமையலே இல்லை. தேங்காய் எண்ணெய் எடையைக் குறைக்கும் என்றும் சொல்கிறார்களே?

தேங்காயை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அளவு தெரிந்திருக்க வேண்டும். 100 கிராம் தேங்காய்த் துருவலில் 350 கலோரி. ஒரு முறி தேங்காய் துருவினால் ஏறக்குறைய 400 கலோரி வந்துவிடும். நான்கு பேர் வீட்டில் குழம்புக்கு ஒரு முறி, அவியலுக்கு ஒரு முறி, துவரனுக்கு அரை முறி, காலையில் இடியப்பத்துக்குப் பால் என்று போனால் தலைக்கு எவ்வளவு ஆகும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். நான் சொல்வது இதுதான்: ஒரு வேளைக்கு ஒரு தேங்காய்க் கறி. வறுத்தரைத்த தீயல் வைத்த நாளில் துவரனுக்குக் கடுகு தாளித்தால் போதும். அவியல் வைத்தால் மற்றது ரசம்.

தேங்காய் எண்ணெய் எடையைக் குறைக்கும் என்பது ஆசை வார்த்தை. எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. செக்கில் ஆட்டியது என்றாலும் அதே 9 தான். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு நெருக்கமாக நிறைகொழுப்பு, அதாவது ரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டும் வகை. 2,000 கலோரி சாப்பிடும் ஒருவர் நிறைகொழுப்பை 22 கிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இரண்டு மேசைக்கரண்டித் தேங்காய் எண்ணெயிலேயே அது தீர்ந்துவிடும். கெட்ட கொழுப்பு கூடுதல் என்று ரத்தப் பரிசோதனையில் வந்தவர்கள் தாளிக்க மட்டும் தேங்காய் எண்ணெயை வைத்துக்கொண்டு, மற்றதற்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய் என்று மாற்றிக்கொள்வது நல்லது.

வீட்டில் எண்ணெய் அளவைக் கண்டுபிடிக்கக் கரண்டி எண்ண வேண்டியதில்லை. மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள், எத்தனை பேர் என்று வகுத்துப் பாருங்கள். தலைக்கு ஒரு லிட்டர் வந்தால், எண்ணெயிலிருந்து மட்டும் நாளுக்கு 270 கலோரிக்கு மேல் போகிறது. எடை குறைக்கிற வீட்டில் தலைக்கு அரை லிட்டர், மிஞ்சினால் 600 மில்லி. உணவில் வேறெதையும் தொடாமல் இதை மட்டும் மாற்றி எடை குறைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் அதிகம் சாப்பிடுவதே இல்லை. ஆனாலும் எடை ஏறுகிறது. ஏன்?

இதைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஒரு நாளைக்கு எத்தனை சாயா?

காலை எழுந்ததும் ஒன்று, பத்தரைக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, யாராவது வந்தால் ஒன்று, கடைக்குப் போனால் ஒன்று. ஒரு சாயாவில் இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 கிராம் சர்க்கரை. ஐந்துக்கு 50 கிராம். நாள் முழுவதுக்கும் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்றால், நாம் இரட்டிப்பில் நிற்கிறோம். சர்க்கரை மட்டும் 200 கலோரி, பால் தனி. இவை யாருக்கும் சாப்பிட்ட கணக்கில் வராது.

சாயாவுக்குக் கடி வேறு வேண்டும். பழம்பொரி ஒன்று ஏறக்குறைய 200 கலோரி. ரசவடை, சுகியன், உண்ணியப்பம் எல்லாமே எண்ணெயில் மிதந்து வந்தவை. ஏத்தங்காய் உப்பேரி (நேந்திரங்காய் சிப்ஸ்) 100 கிராமில் 500 கலோரிக்கு மேல், டிவி பார்த்துக்கொண்டே அந்தப் பாக்கெட் எப்போது தீர்ந்தது என்றே தெரியாது. டப்பாவை அருகில் வைக்காதீர்கள், ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு டப்பாவை மூடி வைத்துவிடுங்கள்.

சாயாவை இரண்டாக்கி, சர்க்கரையை ஒரு தேக்கரண்டியாக்குங்கள். முதல் பத்து நாள் நாக்கு அடம்பிடிக்கும். அப்புறம் பழைய சாயா திகட்டும். நாலு மணிக்குக் கடலை அவித்தது, பனங்கிழங்கு, ஒரு முட்டை இதில் ஏதாவது ஒன்று.

சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டால் சரியாகிவிடுமா? அக்கானி (பதநீர்)?

சரியாகாது. கருப்பட்டியின் மணம் எனக்கும் பிடிக்கும், பனையேறிகளின் உழைப்பை மதிக்கிறேன். அதில் கொஞ்சம் தாதுச்சத்து உண்டு என்பதும் உண்மை. ஆனால் அதில் பெரும்பங்கு சர்க்கரைதான், கலோரியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. “கருப்பட்டிதானே” என்று சுக்குக் காபியை மூன்று முறை குடிப்பவர்களுக்கு எடை குறையாது. தேனும் அப்படித்தான்.

அக்கானி ஒரு கண்ணாடித் தம்ளரில் 20 கிராமுக்குமேல் சர்க்கரை இருக்கும். வெயில்காலத்தில் எப்போதாவது குடியுங்கள், தினமும் வேண்டாம். நொங்கு நல்லது, கலோரி மிகக் குறைவு. இளநீரும் பரவாயில்லை.

ஏத்தன்பழம், மட்டி, சக்கை (பலா)?

பெரிய ஏத்தன்பழம் ஒன்று ஒரு கிண்ணம் சோற்றுக்குச் சமம். அதனால் சாப்பாட்டுக்குப் பின் வேண்டாம். காலையில் புட்டுக்குப் பதிலாக ஒரு அவித்த ஏத்தன்பழமும் இரண்டு முட்டையும் சாப்பிட்டால் அது முழு உணவு. 2023ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழம் சின்னது, ஒன்றோ இரண்டோ தாராளமாகத் தின்னலாம்.

பழுத்த சக்கையில் நான்கைந்து சுளை போதும். காய்ச்சக்கையை வேகவைத்துப் புழுக்காகச் சாப்பிட்டால் அதைச் சோற்றுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள், சோற்றோடு வேண்டாம். எந்தப் பழமும் ஜூஸாக வேண்டாம், நார் போய் இனிப்பு மட்டும் மிஞ்சும்.

பாக்கெட்டில் “டயட்”, “மல்ட்டிகிரெய்ன்” என்று போட்டிருந்தால் நம்பலாமா?

முன்பக்கத்தைப் படிக்காதீர்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள். பொருள்களின் பட்டியலில் எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். முதலில் சுத்திகரித்த கோதுமை மாவு என்று இருந்தால் அது மைதா பிஸ்கட்தான், மேலே ஒட்டிய நான்கு எள்ளுக்காக விலை கொடுக்கிறீர்கள். குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், மால்ட்டோடெக்ஸ்ட்ரின் எல்லாம் சர்க்கரையின் உறவினர்கள். கலோரி “ஒரு பரிமாறலுக்கு” என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள். 100 கிராமுக்கு எவ்வளவு என்ற வரிசையைப் பாருங்கள்.

பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கும் மாவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஏப்ரலில் மத்திய அரசு, இவற்றை “ஆரோக்கிய பானம்” என்ற பிரிவில் விற்கக்கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. அப்படி ஒரு வகையே சட்டத்தில் கிடையாது.

காணத் தண்ணீர், சீரகத் தண்ணீர், எலுமிச்சையும் தேனும், அப்புறம் ஷேக் பவுடர்?

எந்தத் தண்ணீரும் கொழுப்பைக் கரைக்காது. காலையில் வெந்நீர் குடித்தால் நல்லதுதான், அது சர்க்கரைச் சாயாவின் இடத்தைப் பிடித்தால் இன்னும் நல்லது. காணத்தை ஊறவைத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் காணத்தைக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சத்து காணத்தில்தான் இருக்கிறது, அதைத் துவரன் வைத்துச் சாப்பிடுங்கள்.

பவுடரைப் பற்றி என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். என் அத்தை, தெரிந்தவர் ஒருவர் விற்ற ஷேக் பவுடரை இரண்டு வேளை உணவுக்குப் பதிலாக மூன்று மாதம் குடித்தார். ஏழு கிலோ குறைந்தது. ஊரே வியந்தது. பணம் தீர்ந்து நிறுத்தியதும் ஆறு மாதத்தில் ஒன்பது கிலோ ஏறியது, முடியும் கொட்டியது. மூன்று மாதமும் அவர் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட வேறு மாதிரிச் சமைக்கக் கற்றுக்கொள்ளவில்லை. பவுடர் நின்றதும் பழைய தட்டு அப்படியே திரும்பி வந்தது. அப்போது நான் படிப்பை முடித்திருக்கவில்லை, சொல்லித் தடுக்கத் தெரியவில்லை என்பது இன்றும் எனக்கு உறுத்தல்.

ராத்திரி சாப்பிடாமல் பட்டினி இருக்கலாமா?

ராத்திரி ஏழரைக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டால் பன்னிரண்டு மணி நேரம் தானாகவே ஆகிவிடும். அது போதும். அதற்குமேல் நீட்டிப்பதால் தனி மாயம் எதுவும் இல்லை. மொத்தத்தில் குறைவாகச் சாப்பிட்டால்தான் குறையும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி இருக்கவே கூடாது, தாழ்சர்க்கரையில் மயங்கி விழுவார்கள்.

கல்யாண விருந்து வந்தால்?

போய்ச் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். இலையில் முதலில் அவியல், துவரன், பச்சடியைச் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். பருப்பு, சாம்பார், புளிசேரி, ரசம் என்று ஒவ்வொன்றுக்கும் புதுச்சோறு வாங்காமல், ஒரே சோற்றைப் பங்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பாயாசம் வரும். உங்களுக்கு எது உயிரோ அதை மட்டும் வாங்குங்கள். எனக்கு அடைப்பிரதமன், அதைப் பழமும் பப்படமும் போட்டுப் பிசைந்துதான் தின்பேன், மற்ற இரண்டையும் கையால் மறித்துவிடுவேன். ஒரு விருந்து யாரையும் குண்டாக்காது. கிறிஸ்துமஸ் முடிந்து பத்து நாளும் கேக்கும் முந்திரிக்கொத்தும் டப்பாவில் இருப்பதுதான் குண்டாக்கும். மூன்றாம் நாளே பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

நான் ரப்பர் பால் வெட்டுகிறேன். விடிகாலை மூன்று மணிக்கு எழும்புகிறேன். எனக்கு இந்தச் சார்ட் எதுவும் பொருந்தவில்லையே?

உங்கள் நேரம் வேறு, அதனால் சார்ட்டும் வேறாகத்தான் இருக்க வேண்டும். பால்வெட்டுகிறவர்களிடம் நான் பார்ப்பது, விடிய விடிய வெறும் சர்க்கரைச் சாயாவில் வேலை செய்துவிட்டு, பத்து மணிக்குக் கொலைப்பசியில் ஒரு குவியல் கிழங்கோ புட்டோ தின்பது. அப்புறம் உறக்கம். கிளம்பும்போது ஒரு மட்டிப்பழமும் ஒரு அவித்த முட்டையும் எடுத்துப் போங்கள். பத்து மணிக்குப் பழங்கஞ்சியும் சின்ன உள்ளியும் சாளைக்குழம்பும் நல்ல சாப்பாடு. அதுதான் உங்களுக்கு மதிய உணவு என்று வைத்துக்கொண்டு, மூன்று மணிக்குப் பயறும் காய்கறியுமாக லேசாகச் சாப்பிட்டு, ராத்திரி ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

எனக்கு மட்டும் தனியாகச் சமைக்க முடியுமா? வீட்டில் மற்றவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

தனியாகச் சமைக்கவே வேண்டாம். பானை ஒன்றே, தட்டுதான் வேறு. பெண்கள் இதைக் கேட்கும்போது எனக்கு இன்னொன்றும் தெரியும்: எல்லோரும் தின்று முடித்தபிறகு, மிஞ்சிய மீன் தலையும் குழம்பும் நிறையச் சோறும்தான் அவர்களுக்கு வாய்க்கும். புரதம் முழுக்க மற்றவர் தட்டுக்குப் போய்விடுகிறது. ஆக்கியதும் உங்கள் பங்கு மீனையும் துவரனையும் முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். அதில் குற்றவுணர்ச்சிக்கு இடமில்லை. மீந்ததை வீணாக்கக்கூடாது என்று தின்பதையும் நிறுத்துங்கள், அதற்குக் குளிர்ப்பெட்டி இருக்கிறது.

நடந்தால் மட்டும் போதாதா?

அரை மணி நேர வேக நடையில் 120, 150 கலோரி செலவாகும். திரும்பி வரும் வழியில் ஒரு சாயாவும் வடையும் என்றால் கணக்கு தீர்ந்தது. ஆனாலும் நடக்க வேண்டும். குறைந்த எடை திரும்ப ஏறாமல் நிற்பதற்கு நடை பெரிய துணை.

முதல் இரண்டு மாதம் குறைந்தது, இப்போது நின்றுவிட்டது. ஏன்?

உடம்பு சிறிதானால் அதன் தேவையும் சிறிதாகும். 75 கிலோவில் குறைவாக இருந்த சாப்பாடு 69 கிலோவில் போதுமானதாகிவிடும். இன்னொரு காரணம், கை பழையபடி தாராளமாகியிருக்கும். ஒரு வாரம் சாப்பிடுவதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள், ருசி பார்த்ததையும் சேர்த்து. விடை பெரும்பாலும் அந்த நோட்டிலேயே இருக்கும்.

யாரெல்லாம் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்கள். உணவு குறைந்தால் மருந்தின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம். சாப்பாட்டை மாற்றாமலே எடை ஏறினாலும், முயற்சியே இல்லாமல் எடை இறங்கினாலும் காத்திருக்க வேண்டாம். தைராய்டு, சர்க்கரை இரண்டையும் பார்த்துவிடுங்கள். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்க்கலாம், மேற்கொண்டு தேவைப்பட்டால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போகும்போது அந்த நோட்டையும் கையில் கொண்டுபோங்கள்.